“கூலி” படமும் கூலி கொடுத்தவர்களும்

(திருக்கழுக்குன்றத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஒரு சினிமாவைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா, அதற்கு ஒரு மேடையா என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். கோவில் விஷயத்தைப் பேசினால் மதத்தில் தலையிடாதே என்கிறார்கள். சினிமாவைப் பேசினாலோ ஏழை ஜனங்களின் பொழுதுபோக்கில் தலையிடாதே என்கிறார்கள். இரண்டு இடத்திலும் காசு கொடுக்கிறவன் நம்மவன்தானே? கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பதில் என்ன குற்றம் என்று கேட்கிறேன். நான் சொல்வது சரியென்று பட்டால் ஒப்புக் கொள்ளுங்கள்; தப்பென்று பட்டால் இங்கேயே எழுந்து கேளுங்கள்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி “கூலி” என்ற படம் வெளிவந்தது. ரஜினிகாந்த் அவர்கள் சினிமாவுக்கு வந்து 50 ஆண்டு நிறைவதற்கு முதல் நாள். சன் பிக்சர்ஸ் எடுத்த படம். டைரக்டர் லோகேஷ் கனகராஜ். ஓடும் நேரம் ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம். விளம்பரத்தைப் பார்த்தால் தலை சுற்றும். தெலுங்கு நாட்டிலிருந்து நாகார்ஜுனா, கன்னட நாட்டிலிருந்து உபேந்திரா, மலையாளத்திலிருந்து சௌபின் சாஹிர், இந்தியிலிருந்து ஆமிர்கான், நம் பக்கத்தில் சத்யராஜ், சுருதி ஹாசன். இவர்களில் நடிக்கத் தெரியாதவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. அதனால்தான் நமக்கு வருத்தம். ஒன்றும் தெரியாதவர்களை வைத்து ஒன்றுமில்லாத படம் எடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

செங்கற்பட்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் நமது ஊர்ப் பையன் ஒருவன் முதல் நாளே போனான். அன்று வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. டிக்கெட், பஸ் சார்ஜ், இடைவேளையில் ஒரு பொட்டலம் பாப்கார்ன் ஆகச் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு நாள் கூலியும் போயிற்று. நூறு நாள் வேலைக்கு அந்த ஆண்டு நமது மாகாணத்துக்கு சர்க்கார் குறித்திருந்த தினக்கூலி 336 ரூபாய் என்பதை நினைவில் வைத்துக் கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். திரும்பி வந்தவனை, “எப்படியடா இருந்தது?” என்று கேட்டேன். “அண்ணே, பேர் கூலின்னு வெச்சாங்களே, மூட்டை தூக்குறவங்க கதை எப்ப வரும் எப்ப வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கடைசியில வந்துச்சு; வந்த உடனே போயிடுச்சு” என்றான். அந்தப் பையனுக்கு ரஜினிகாந்த் என்றால் உயிர். அவன் சொன்ன விமர்சனம் இது. பிறகுதான் நானும் போய்ப் பார்த்தேன்.

கதை என்னவென்றால், சென்னையில் தேவா என்று ஒருவர் விடுதி நடத்துகிறார். முன்னாள் துறைமுகக் கூலி. அவருடைய பழைய சினேகிதர் ராஜசேகர் செத்துப் போகிறார். செத்தது சாவல்ல, கொலை என்று தெரிகிறது. ராஜசேகர் பிணத்தை எரிக்கும் ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கள்ளக் கடத்தல் செய்யும் சைமன் என்பவன், தான் கொன்றவர்களைச் சாம்பலாக்க அந்த நாற்காலியை உபயோகப்படுத்திக் கொள்கிறான். தேவா அங்கே போய்க் கொலைகாரனைத் தேடுகிறார். இவ்வளவுதான். மர்மக் கதைக்கு இது கெட்ட ஆரம்பமல்ல.

அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சார மயானத்தில் அடுப்புக்குச் சுற்றிலும் நெருப்புச் செங்கல் கட்டி, 800 முதல் 1000 டிகிரி வரைக்கும் சூடேற்றி, ஒரு உடல் சாம்பலாக ஒரு மணி நேரமாவது ஆகிறது. இவர்களோ நாற்காலியில் உட்கார வைத்துப் பொத்தானை அழுத்துகிறார்கள். ஆசாமி சிறிது நேரத்தில் சாம்பல். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தான், மன்மதன் எரிந்து போனான் என்று புராணக்காரன் சொன்னபோது, அந்தச் சூடு சிவனுடைய புருவத்தைச் சுடவில்லையா என்று கேட்டவர்கள் நாம். இந்த நாற்காலியின் கால் உருகவில்லையா என்று ஏன் கேட்கக் கூடாது? கதைக்காக ஒரு பொய்யை ஒப்புக் கொள்ளலாம், அதில் ஆட்சேபணையில்லை. ஆனால் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்த மனுஷன் யார், ஏன் கண்டுபிடித்தான், அது கொலைகாரன் கைக்குப் போன பிறகு இரவில் அவனுக்குத் தூக்கம் வந்ததா என்று காட்டியிருந்தால் நாமும் நம்பியிருப்போம்.

அந்த மனுஷனாக நடித்தவர் யார்? சத்யராஜ் அவர்கள். 2007-இல் ஞான ராஜசேகரன் எடுத்த “பெரியார்” படத்தில் வாலிப வயது முதல் தள்ளாத வயது வரை ஒரு பெரிய வாழ்க்கையை முகத்திலும் குரலிலும் காட்டியவர். ரஜினிகாந்த் அவர்களோடு 1986-இல் “மிஸ்டர் பாரத்” படத்தில் தகப்பனாகவும் மகனாகவும் மல்லுக்கு நின்றவர். 39 ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் சேருகிறார்கள் என்றவுடன் நாடே எதிர்பார்த்தது. சேர்ந்தார்கள் எப்படி? ஒருவர் பிணமாகக் கிடக்கிறார், மற்றவர் மாலை போட வருகிறார்! பிறகு பழைய நினைவாக அங்கொரு துண்டு இங்கொரு துண்டு. முழுக் கதையும் எந்த மனுஷனுடைய சாவிலே தொங்குகிறதோ, அந்த மனுஷனுக்கு வாழ்வதற்கு நேரம் கொடுக்கவில்லை.

சாகிறவன் ஆரம்பத்திலேயே செத்தால் வேறென்ன செய்ய முடியும் என்று ஒரு தோழர் கேட்கிறார். நல்ல கேள்வி. 1954-இல் ஏவி.எம். எடுத்து எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்த “அந்த நாள்” படத்தை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? வயதானவர்கள் சிலர் கை தூக்குகிறீர்கள். அதிலும் படம் ஆரம்பித்தவுடன் ஒருவன் சுடப்பட்டுச் சாகிறான். சாகிறவர் யார்? சிவாஜி கணேசன்! கதாநாயகனே முதலில் விழுகிறான். ஆனால் படம் முழுவதும் அவன்தான் இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு விதமாகச் சொல்கிறார். தம்பி ஒரு விதமாகச் சொல்கிறான். தம்பி பெண்சாதி, ஆசைநாயகி, மனைவி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அவன் வேறு மனுஷனாக எழுந்து நடமாடுகிறான். துப்புத் துலக்குகிற அதிகாரியாக ஜாவர் சீதாராமன், திரைக்கதையும் அவருடையதே. பாட்டு இல்லை; நாட்டியம் இல்லை. ஏறக்குறைய 2 மணி 10 நிமிடத்தில் படம் முடிந்து விடுகிறது. யார் சுட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்த்துக் கொள்ளுங்கள். அந்தப் படம் அன்று பணம் பண்ணவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். அதை எதிர்க்கட்சிக்காரர் எடுத்துச் சொல்லும்படி ஏன் விட வேண்டும்?

நிற்க. இந்த ஊரில் இருந்து கொண்டு கழுகைப் பற்றிப் பேசாமல் போனால் நன்றாயிராது. வேதகிரி மலைமேல் நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வரும், பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் வைப்பார், அவை தின்று விட்டு அலகைத் துடைத்துக் கொண்டு பறந்து போகும் என்பதைப் பார்க்க எத்தனை தேசத்து ஜனங்கள் 500-க்கு மேற்பட்ட படி ஏறி, வெயிலிலே கால் சுட நின்றார்கள்! காசியிலிருந்து வருகிறது, இராமேசுவரத்தில் குளிக்கிறது என்று கதை வேறு. 1990-களின் கடைசியில் அவை வருவது நின்று போயிற்று. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற மருந்தினால் செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் நாடு முழுவதும் மாண்டன என்றும், அதனால் 2006-இல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடக் கூடாதென்று சர்க்கார் தடுத்தது என்றும் படித்தவர்கள் சொன்னார்கள். பாவம், அந்தப் பறவைகள் மீது நமக்கு ஒரு விரோதமும் இல்லை. நான் சொல்ல வந்தது நின்றவர்களைப் பற்றி. மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள், வந்தது, தின்றது, போயிற்று. கூட்டமும் கன்னத்தில் போட்டுக் கொண்டு இறங்கிற்று.

“கூலி” படத்தில் ஆமிர்கான் வருவது எனக்கு இந்தக் கழுகைத்தான் நினைவூட்டியது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறோம். கடைசியில் வருகிறார், தாகா என்று பெயர். மேளம் கொட்டுகிறது, கொட்டகை அதிர்கிறது, போகிறார். அவர் வந்ததால் கதையில் என்ன மாறிற்று? ஒன்றும் மாறவில்லை. உபேந்திரா அவர்கள் கன்னடத்தில் சொந்தமாகப் படமெடுத்துப் பேர் வாங்கியவர். இதிலே நடுவிலே வந்து சண்டை போட்டு விட்டு ஓரமாக நிற்கிறார். நாகார்ஜுனா அவர்கள் இத்தனை காலம் கதாநாயகனாக இருந்து விட்டு வில்லனாக இறங்கினாரே என்று ஆவலோடு பார்த்தால், சிகரெட்டும் கண்ணாடியும் நடையும்தான் வில்லத்தனம். சௌபின் சாஹிர் ஒருவர் மாத்திரம் தப்பித்தார். அவருக்குச் செய்வதற்கு வேலை இருந்தது, செய்தார். அதனாலேயே, மற்றவர்களுக்கும் வேலை கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

சிறிய வேஷம் கொடுத்தது தப்பென்று நான் சொல்லவில்லை. இதைச் சரியாகக் கவனிக்க வேண்டும். 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி கே. பாலசந்தர் அவர்களின் “அபூர்வ ராகங்கள்” வெளிவந்தது. அதிலே ஒரு புதுப் பையன் படத்தின் பிற்பகுதியில் கேட்டைத் தள்ளித் திறந்து கொண்டு உள்ளே வருகிறான். சிறிது நேரம்தான் வருகிறான். ஆனால் பிரிந்து போன புருஷன் திரும்பி வந்து நிற்கிறான் என்றவுடன் அதுவரை நடந்த கதை முழுவதும் தலைகீழாகிறது. அந்தப் பையன்தான் ரஜினிகாந்த். அதே நாளிலே வடக்கே “ஷோலே” வெளிவந்தது. அது 3 மணிக்கு மேல் ஓடும் படம். அதில் சாம்பா என்கிற கொள்ளைக்காரன் பாறைமேல் உட்கார்ந்திருப்பதைத் தவிர அதிகம் செய்வதில்லை. பேசுவது ஒரே ஒரு வாக்கியம். 50 ஆண்டு கழித்தும் சாம்பா என்றால் இந்தி தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஆகவே, நீளம் மாத்திரம் குற்றமல்ல. சிறிய வேஷமும் குற்றமல்ல. இவன் வராவிட்டால் கதை நின்று போகுமா என்று கேட்டுப் பாருங்கள். “ஆம்” என்றால் ஒரு நிமிஷம் வந்தாலும் அவன் நடிகன். “இல்லை” என்றால் ஒரு மணி நேரம் வந்தாலும் அவன் தோரணம்.

பின் எதற்காக இத்தனை பேர்? நம் பாட்டன்மார் பார்த்த ஸ்பெஷல் நாடகத்தை யோசித்துப் பாருங்கள். கம்பெனி நாடகம் வேறு. அங்கே வாத்தியார் பிரம்பு வைத்துக் கொண்டு பாடம் சொல்லி, ஒத்திகை பார்த்து, சேடி வேஷத்துக்கும் வேலை வைத்திருப்பார். ஸ்பெஷல் நாடகமோ கண்ட்ராக்டர் காரியம். ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட், வேறோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், இன்னோர் ஊரிலிருந்து பபூன் என்று பேர் பெற்றவர்களை ஒரு ராத்திரிக்குப் பேசிக் கொண்டு வந்து மேடையிலே விடுவான். ஒத்திகை கிடையாது. ஒருவர் ஒரு பாட்டுப் பாடினால் மற்றவர் இரண்டு பாடுவார். வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் விடிய விடிய நடக்கும். கல்யாணம் நடப்பதற்குள் கோழி கூவி விடும். அங்கே கண்ட்ராக்டர் விற்றது கதையையல்ல, நோட்டீசில் இருந்த பேர்களை.

இந்தப் படமும் அப்படித்தான் ஆயிற்று. தெலுங்கு ஜில்லாக்களில் விற்க ஒருவர், கர்நாடகத்தில் விற்க ஒருவர், கேரளத்துக்கு ஒருவர், வடக்கே விற்க ஒருவர். வேஷத்துக்கு ஆளைத் தேடாமல், விற்கிற ஊருக்கு ஆளைத் தேடினார்கள் என்பதுதான் பார்த்தவனுக்குத் தோன்றும். அப்படி வாங்கி வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு “என்ட்ரி” வைக்க வேண்டும். கால் தெரிய வேண்டும், பிறகு கை, பிறகு முதுகு, பிறகு மெதுவாகத் திரும்புகிற முகம். ரசிகர்கள் சீட்டி அடித்து முடிகிற வரைக்கும் கதை வாசலில் நிற்க வேண்டும். ஆளுக்கு இப்படி நேரத்தைக் கொடுத்தால் படம் ஏன் 2 மணி 50 நிமிடம் ஓடாது? படம் நீண்டதற்கும் நடிகர்கள் வீணானதற்கும் தனித்தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. வருகிற நேரம் எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. வந்த பிறகு செய்வதற்கு நேரம் மிச்சமில்லை.

இந்த டைரக்டருக்குத் தெரியாதென்றும் சொல்ல முடியாது. 2019-இல் இவரே எடுத்த “கைதி” ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை. அதிலே ஜார்ஜ் மரியான் என்கிற நடிகர், அதுவரை சில்லறை வேஷங்களில் சிரிக்க வைத்துக் கொண்டிருந்தவர், புதிதாக மாற்றலாகி வந்த சாதாரண போலீஸ்காரராக வருகிறார். அதிகாரிகள் இல்லாத ஆபீசில், கல்லூரிப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக் கொண்டு, வெளியே கதவை உடைக்கிற ரௌடிக் கூட்டத்தை எதிர்த்து நிற்கிறார். கொட்டகையில் அவருக்கு விழுந்த கைதட்டல் பேருக்கு விழுந்ததல்ல, வேலைக்கு விழுந்தது. அப்படி எடுக்கத் தெரிந்தவர், ஆறு ஆண்டில் இப்படி எடுக்க நேர்ந்தது ஏன் என்று கேட்டால், குற்றத்தில் பாதி நம் பேரிலும் வரும்.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். செத்தவருடைய மகளாகச் சுருதி ஹாசன் வருகிறார். தகப்பனை இழந்தவள், கொலைகாரனைக் கண்டுபிடிக்க எல்லோரையும்விட அதிக உரிமையும் அவசியமும் உள்ளவள். அவளுக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? ஆபத்தில் மாட்டிக் கொள்வது, யாராவது வந்து காப்பாற்றுவது, மறுபடியும் மாட்டிக் கொள்வது. அறிவுள்ள பெண் என்று காட்டி விட்டுப் பார்சல் மாதிரித் தூக்கிக் கொண்டு திரிகிறார்கள். இன்னொரு பெண்மணி, பூஜா ஹெக்டே, ஒரு பாட்டுக்கு ஆட மாத்திரம் வருகிறார். 1954-இல் “அந்த நாள்” படத்தில் பண்டரிபாய் அவர்களுக்குக் கொடுத்த வேஷத்தைப் பாருங்கள்: புருஷனோடு வாதாடுகிற, தனக்கென்று ஒரு கொள்கை உள்ள மனைவி! பெண்ணுக்குப் புத்தி உண்டென்று 70 ஆண்டுக்கு முன் ஒப்புக் கொண்ட சினிமா இன்று அதை மறந்து போனது என்றால், இதை முன்னேற்றம் என்பதா?

இனி அந்தப் பெயர். “கூலி.” ரஜினிகாந்த் அவர்கள் இளமையில் மூட்டை தூக்கியதாக அவரே மேடையில் சொல்லியிருக்கிறார், பிறகு பஸ் கண்டக்டராக இருந்ததை யாரும் அறிவார்கள். 1981-இல் “தீ” படத்திலேயே அவர் துறைமுகக் கூலியாக நடித்துமிருக்கிறார். இப்படத்தில் அவர் அணியும் 1421 என்ற வில்லை, டைரக்டருடைய தகப்பனார் கண்டக்டராக இருந்தபோது போட்டிருந்த நம்பராம். நல்ல நினைவுதான். ஆனால் அந்த வில்லைக்குப் பின்னால் உள்ள வாழ்வு என்ன? முன் காலத்தில் துறைமுகத்தில் காலையில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி கை காட்டியவனுக்கு வேலை, மற்றவன் வெறும் வயிற்றோடு வீடு திரும்ப வேண்டும். அந்த அக்கிரமத்தை ஒழுங்குபடுத்த 1948-இல்தான் சட்டம் வந்தது. அதற்கு 25 ஆண்டுக்கு முன்பே, 1923 மே முதல் தேதி, சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் தொழிலாளரைக் கூட்டி மே தினம் கொண்டாடினார். பிறகு கண்டெய்னர் பெட்டி வந்தது; நூறு பேர் தூக்கியதை ஒரு கிரேன் தூக்கிற்று; முதுகெல்லாம் வீட்டுக்குப் போயிற்று. அந்த முதுகுகள் எங்கே போயின என்பதைவிட மர்மக் கதை வேண்டுமா? படத்தில் கூலிகள் வருகிறார்கள். முதலாளியின் மகனைப் பழி வாங்க ஒரு முன்கதை வேண்டுமே, அதற்காக வருகிறார்கள்.

படம் உலகமெங்கும் 500 கோடிக்கு மேல் வசூலித்ததாம், நீ ஒருவன் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று கேட்பார்கள். கழுகு பார்க்கவும் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததனால் கழுகு ரிஷியாகி விட்டதா? திருமங்கலத்தில் ரஜினிகாந்த் அவர்களுக்கே சிலை வைத்து அபிஷேகம் செய்கிறார்கள் என்று பத்திரிகையில் படமே வந்தது. கற்சிலைக்குப் பால் ஊற்றினால் அது கேட்காது. நடிகருக்கு ஊற்றினால் கேட்கும். கேட்கிற கதாசிரியன் என்ன நினைப்பான்? இவர்களுக்கு முகம் போதும், கதை வேண்டாம் என்று நினைப்பான். அவன் நினைப்பதில் தப்பென்ன? நல்ல நடிகர் ஒருவரைத் தெய்வமாக்கினால் அவரை நடிக்க விடாமல் செய்கிறோம். தெய்வத்துக்கு உற்சவம் உண்டு, புறப்பாடு உண்டு. பயம், சந்தேகம், தோல்வி உண்டா? அவை இல்லாமல் மர்மக் கதையில் எதை நடிப்பது? எழுபதைத் தாண்டிய ஒரு மனுஷர், பழைய சினேகிதன் சாவுக்கு வந்து நிற்கும்போது அவருடைய முகத்தில் ஒரு நிமிஷம் உண்மையான துக்கம் தெரிகிறது. நானும் பார்த்தேன், மனம் இளகிற்று. அடுத்த நிமிஷம் மேளம் வந்து அதை அடித்து விரட்டி விட்டது.

நேரமாகி விட்டது. அந்தப் பையனும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். கோபித்துக் கொள்ளவில்லை, சிரிக்கிறான். வாலிபத் தோழர்கள் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் இதே திடலில் திரை கட்டி “அந்த நாள்” படத்தைக் காட்டப் போகிறார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு காகிதமும் பென்சிலும் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு வேஷமாக எழுதி, இவன் இல்லாவிட்டால் கதை நிற்குமா நிற்காதா என்று பக்கத்திலே குறித்துக் கொள்ளுங்கள். படம் முடிந்ததும் காகிதங்களைப் படித்து விவாதிப்போம். பெண்களுக்கு முன் வரிசை. 7 மணிக்கு ஆரம்பித்தால் 9 மணி 10 நிமிடத்துக்கு முடிந்து விடும். மாமல்லபுரம் பக்கம் போகிறவர்களுக்கும் பஸ் இருக்கும்.